ஆசைக்காரி

கல்லூரி ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சி வகுப்பின் முதல் நாள் காலை. நாற்பது பேர் இருந்தோம். பாடம் தொடங்கும்முன் அவரவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளலாம் என்றார் ஒருங்கிணைப்பாளர். பெயர், கல்லூரி, துறை. கூடவே உங்களுக்குப் பிடித்தவை இரண்டு, மூன்று. ஆளுக்கு ஒரு நிமிடம்.

ஆண்களில் ஒருவருக்குக் கல்வெட்டு பிடிக்கும். ஒருவருக்குக் கிரிக்கெட். இன்னொருவர் தன் புல்லட் வண்டியைப் பற்றிச் சொன்னார். கடன் வாங்கி வாங்கியதாம். அதிலேயே லடாக் வரை போய் வந்தாராம். அறையில் ஒரு மரியாதை கூடியது. லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். பெண்கள் பெரும்பாலும் கணவரின் வேலையில் தொடங்கிப் பிள்ளைகளின் வகுப்புக்கு வந்து, கடைசிப் பத்து நொடியில் "இயற்கையை ரசிப்பேன், புத்தகம் வாசிப்பேன், மெல்லிசை கேட்பேன்" என்று முடித்துக்கொண்டார்கள்.

முப்பது வயதுகூட ஆகாத ஒரு விரிவுரையாளர் எழுந்தார். "எனக்குப் புடவை வாங்கப் பிடிக்கும். மாசம் ஒண்ணாவது வாங்கிடுவேன்" என்றார். அறை சிரித்தது. "உங்க வீட்டுக்காரர் பாவம் மேடம்" என்று ஒரு குரல் வந்தது. அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மாறியது. "கைத்தறிதான் சார் வாங்குவேன்" என்று சாட்சி சொல்வதுபோல ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நான்கு பேர் கழித்து என் முறை வந்தது. "கவிதை எழுதுவேன். இயற்கையை மிகவும் நேசிப்பவள்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிலர் தலையசைத்தார்கள். அன்று காலை பேருந்தில் வரும்போது கடுகு மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பருத்திப் புடவை ஒன்றை "எனக்கு எடுத்து வையுங்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தேன். அதற்கான பதில் கைப்பைக்குள்ளிருந்த தொலைபேசியில் வந்து காத்திருந்தது.

அந்தச் சிரிப்பை நான் பல நாள் மறக்கவில்லை. ஒரு பொய்யும் ஒரு துரோகமும் ஐந்து நிமிட இடைவெளியில் என்னிடமிருந்து வந்திருந்தன. இத்தனைக்கும் இயற்கையை நேசிப்பதாகச் சொன்னது முழுப் பொய்யல்ல. புடவை ஆசை அவ்வளவு பெரிய குற்றமும் அல்ல. பிறகு எதற்காக ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைத்தேன்? ஒரு பெண் தன்னை அறிமுகம் செய்யும்போது அவளுடைய எந்த ஆசைகள் பார்வைக்கு வைக்கத் தகுந்தவை, எவை உள்ளே பூட்ட வேண்டியவை என்று யார் எப்போது பிரித்து வைத்தார்கள்?

தமிழ் இலக்கியத்தில் மிகவும் புகழ்பெற்ற பெண் அறிமுகம் பாண்டியன் அவையில் நடக்கிறது. நீ யார் என்று அரசன் கேட்கிறான். கண்ணகி தன் நாட்டு மன்னர்களின் நீதியைச் சொல்கிறாள், ஊரைச் சொல்கிறாள், மாமனாரின் பெருமையைச் சொல்கிறாள், கணவனைச் சொல்கிறாள். அவளுடைய பெயர் கடைசியில்தான் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் வழக்குரை காதையை நடத்தும்போது மாணவிகளிடம் இந்த வரிசையைக் கவனிக்கச் சொல்வேன். கணவரின் வேலையில் தொடங்கிய என் சக ஆசிரியைகள் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை.

அந்தக் காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. கண்ணகியைப் பற்றிய உண்மையைச் சொல்வது அவளுடைய குலமோ ஊரோ அல்ல. அவள் காலில் கிடந்த ஒரு நகை. அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். தன் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சிலம்பு மதுரைக்கு வந்தது அவள் அணிந்து மகிழ்வதற்காக அல்ல. கணவனின் வணிகத்துக்கு முதலாகத்தான் வந்தது. இன்றும் எங்கள் வீடுகளில் பெண்ணின் ஆசைகளில் நகை ஒன்றுக்குத்தான் தாராளமாக அனுமதி உண்டு. நகை என்பது ஆசையல்ல, சேமிப்பு என்பார்கள். அடகுக் கடைக்குப் போகும் நாளில் அது யாருடைய சேமிப்பு என்று தெரிந்துவிடும்.

சங்கப் புலவர்கள் சிலருக்கு வேறொரு வகை அறிமுகம் வாய்த்தது. அவர்களுடைய இயற்பெயரே நமக்குத் தெரியாது. பாட்டில் அவர்கள் கண்டு சொன்ன காட்சியே பெயராகிவிட்டது. அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார். ஊர் இல்லை, குலம் இல்லை, கணவனோ மனைவியோ இல்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத ஒரு பெயர். ஒரு பொருளை ஆழ்ந்து பார்த்தவர் என்பதே அவரைப் பற்றிய முழுத்தகவல். முப்பது வயதில் இந்தப் பெயர்கள்மேல் எனக்குப் பெரும் பொறாமை இருந்தது. எதைப் பார்த்தேன், எதன்மேல் என் கண் நின்றது என்பதை வைத்து என்னை யாராவது அழைக்க வேண்டும் என்று விரும்பினேன். இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. என் கண் அதிகம் நின்ற இடங்களைக் கணக்கெடுத்தால் எனக்குக் கிடைக்கும் பெயர் அவ்வளவு அழகாக இருக்காது.

எங்கள் வீட்டில் ஒரு தூக்குவாளி உண்டு. எண்பதுகளின் நடுவில், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண் ஒருவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தபோது அம்மா அதை வாங்கினார். அடுக்கி வைத்திருந்த துணி போதவில்லை. அப்பாவின் கால்சட்டை இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார். அவற்றில் ஒன்று அவ்வளவு பழையதல்ல. சாயங்காலம் அப்பா கொடியில் தேடினார். விஷயம் தெரிந்ததும் அடிக்கவில்லை, கத்தவில்லை. "ஆசைக்காரி" என்று ஒரு சொல் சொன்னார். அதன்பிறகு எந்த உறவினர் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதை வேடிக்கையாகச் சொல்லப்படும். "எங்க வீட்டு ஆசைக்காரி தூக்குவாளிக்கு என் பேண்ட்டையே போட்டுட்டா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். புத்தொளிப் பயிற்சியில் அந்தப் பெண் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு ஏன் உள்ளே ஏதோ இடித்தது என்று பிறகுதான் புரிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு அப்பா ஒரு மொபெட் வாங்கினார். தவணையில்தான். அது குடும்பத்துக்காக. ஆசைக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை ஆண்பாலில் வசையாக நான் கேட்டதே இல்லை.

சமீபத்தில் அம்மாவிடம் கேட்டேன், உனக்கு என்னம்மா பிடிக்கும் என்று. "எனக்கென்ன கண்ணு புடிக்கும், உங்களுக்குப் புடிச்சதுதான்" என்றார். எதிர்பார்த்த பதில்தான். கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தத் தூக்குவாளி புடிக்கும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு புடிக்கும்" என்றார்.

நான் ஆச்சரியப்பட்டேன். அம்மா எப்போதும் இயற்கையை ரசித்துப் பேசியவர் அல்ல. சென்னிமலைக்கு அந்தப் பக்கம், நொய்யல் ஆற்றை ஒட்டிய ஊர் அம்மாயியினுடையது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அம்மா துணி மூட்டையோடு ஆற்றுக்குத்தான் போவார். ஆற்றில் உனக்கு என்ன பிடிக்கும் என்று மறுபடி கேட்டேன். தண்ணீர், மணல், கரையோர மரங்கள் என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன்.

"ஆத்துக்குப் போனா பொழுது சாயற வரைக்கும் வர வேண்டியதில்ல. யாரும் கூப்புட மாட்டாங்க. தொவைக்கறதா தொவைச்சு, காயப் போட்டுட்டு, பொம்பளைங்க எல்லாம் பேசிக்கிட்டு ஒக்காந்திருப்போம்."

இயற்கை நேசம் என்று நான் சொன்னபோது என் மனதில் இருந்தது வேறு. தமிழ் படித்தவளுக்கு இயற்கை ஏட்டிலிருந்து வருகிறது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 மலர்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அவற்றில் பாதியைக்கூட நேரில் பார்த்ததில்லை. பிறகு வால்பாறைக்குப் போய்த் தேயிலை வாங்கிக்கொண்டு வருவதும், கவிதைக்கு ஓர் அருவி கிடைத்துவிட்டது என்று மகிழ்வதும் சேர்ந்தன. அந்த அருவியை நான் நின்று பார்க்கும் நேரத்தில் யாரோ ஒருவர் எனக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். இயற்கையை ரசிப்பதற்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்கு இன்னொருவரின் உழைப்பு வேண்டும். அம்மாவின் ஆறு அப்படிப்பட்டதல்ல. வேலையைச் சாக்காக வைத்து அவர் எடுத்துக்கொண்ட ஓய்வு அது. யாரும் எதுவும் கேட்காத அரை நாள்.

அந்த ஆறு இன்று இல்லை. அதாவது வரைபடத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் தொடங்கிக் கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊருக்கருகே காவிரியில் சேர்கிறது. காஞ்சிமாநதி என்று பழம்பெயரும் உண்டு. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பாசனம் பெருகும் என்றார்கள். சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நீர் தேங்கும் குட்டையாகிவிட்டது. ஓர் அணையைக் கட்டிக்கொடுங்கள் என்று கேட்ட விவசாயிகள், அதில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாயின. அம்மாயி மாடுகளை ஆற்றுப்பக்கம் ஓட்டுவதை நிறுத்தினார். துணி துவைக்கும் கல் கரையிலேயே கிடந்தது. பெண்கள் வீட்டுக்குள் குழாயடியில் தனித்தனியாகத் துவைக்கத் தொடங்கினார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்தவையே மறுபடி இயங்கலாம் என்றானது. போன ஆறு அப்படியே திரும்பி வரவில்லை.

இதை எழுதும்போது ஆற்றின் பக்கம் மட்டும் நின்றுகொள்ள எனக்கு ஆசைதான். அது நேர்மையாக இருக்காது. என் தாய்மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தவர். என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தச் சம்பளத்திலிருந்து வந்தது. பதினேழு வயதில் அவர் என்னைக் காதர்பேட்டைக்குக் கூட்டிப்போனார். ஏற்றுமதியில் கழித்த துணிகள் கடை கடையாகக் குவிந்து கிடந்தன. கழுத்துப் பட்டையில் வெளிநாட்டு லேபிளை வெட்டி எடுத்த ஒரு நீல பனியனை நானே பொறுக்கி எடுத்தேன். அதுவரை எனக்குத் துணி எடுத்தவர்கள் எல்லாம் மற்றவர்கள். எனக்கு வேண்டும் என்று நான் கைநீட்டி எடுத்த முதல் பொருள் அதுதான். அந்த நீலம் எந்த ஆற்றில் கரைந்தது என்று அப்போது எனக்குத் தெரியும், ஆனால் நினைக்கவில்லை. சந்தோஷம் அவ்வளவு பெரியதாக இருந்தது.

இப்போது இரவு பத்தரை மணிக்குத்தான் என் கடை திறக்கும். பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்து, மறுநாளைக்கு மாவை எடுத்து வைத்துவிட்டு, திருத்தாத விடைத்தாள் கட்டைப் பார்க்காததுபோலக் கடந்து வந்து படுப்பேன். வாட்ஸப்பில் புடவைக் குழுக்கள் மூன்று. "ஒரே பீஸ்தான்", "கடைசி இரண்டு" என்று படங்கள் வந்துகொண்டே இருக்கும். விரலால் பெரிதாக்கிக் கரையைப் பார்ப்பேன், முந்தானையைப் பார்ப்பேன். வாங்காத நாளும் உண்டு. ஆனால் பார்க்காத நாள் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. அங்கே கேட்கப்படுகிற ஒரே கேள்வி, உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்பது. நாள் முழுவதும் வேறு யாரும் கேட்காத கேள்வி அது.

அம்மாவுக்கு ஆறு கொடுத்ததைத்தான் எனக்குத் தொலைபேசி கொடுக்கிறது என்று அன்று வெங்காயத்தின் அருகில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது. பெண்கள் கூடி உட்கார்ந்த அந்தக் கரையை ஒரு தொழில் அழித்தது. அதே தொழிலின் பொருள், இழந்த பொழுதை இரவில் சில்லறையாக எனக்கு விற்கிறது. அம்மாவின் பொழுதுக்கு விலை இல்லை. என்னுடையதற்குக் கூரியர் கட்டணமும் சேர்த்து வாங்குகிறார்கள்.

அந்தக் குழுக்களை நடத்துவோரும் பெண்கள்தான் என்பதைச் சொல்ல வேண்டும். ஒருவர் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர். மொத்த விலைக் கடையிலிருந்து படம் வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்து எங்களுக்கு அனுப்புகிறார். அவருடைய கையில் புரளும் சொந்தக் காசு அது ஒன்றுதான். என் சபலம் அவருக்கு வருமானம். நாளையிலிருந்து எதுவும் வாங்கமாட்டேன் என்று நான் சபதம் எடுத்தால் அதன் இழப்பு எந்தப் பெரிய கடை முதலாளியையும் முதலில் தொடாது.

என்றாலும் வாங்குவதே விடுதலை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "உனக்காக நீயே ஒன்று வாங்கிக்கொள்" என்று ஒவ்வொரு மார்ச் 8க்கும் தள்ளுபடி விளம்பரம் வருகிறது. 1917இல் அந்த நாளில்தான் பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். நெய்தவர்களின் நாளை வாங்குபவர்களின் நாளாக மாற்றியது சந்தையின் சாமர்த்தியம். பெண்ணின் ஆசையைக் கேலி செய்கிற வீட்டுக்கும், அதைக் கொண்டாடிக் காசாக்குகிற கடைக்கும் நடுவில் எனக்கு நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த இடத்தை வள்ளுவரிடம் கண்டேன். ஆசையைப் பற்றி அவர் இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பேசுகிறார். அவாவறுத்தல் 37ஆம் அதிகாரம். அது துறவறவியலில் வருகிறது. வெஃகாமை 18ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் வருகிறது. ஆசையையே வேரோடு அறுக்கச் சொல்வது துறவியிடம். வீட்டில் வாழ்பவரிடம் கேட்பது பிறர் பொருளைக் கவர நினைக்காதே என்பதை. இரண்டும் ஒன்றல்ல. பல ஆண்டுகள் இந்த அதிகாரங்களை நடத்தியிருக்கிறேன். எந்த அதிகாரம் எந்த இயலில் இருக்கிறது என்பது ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

பெண்ணுக்கு நாம் செய்திருப்பது இதுதான்: வேலையெல்லாம் இல்லறத்தின் கணக்கில், ஆசை மட்டும் துறவறத்தின் கணக்கில். சமைக்க வேண்டும், பெற வேண்டும், விருந்தோம்ப வேண்டும், சம்பாதிக்கவும் வேண்டும். ஆனால் எனக்கு ஒன்று வேண்டும் என்று மட்டும் சொல்லக் கூடாது. காவி கட்டாத துறவியாக வீட்டுக்குள் வாழ வேண்டும். "எனக்கென்ன கண்ணு புடிக்கும்" என்று அம்மா சொன்னது துறவியின் வாக்கியம். அவர் கையில் அப்போது இருந்தது வெங்காயம்.

அவாவறுத்தல் என்மேல் சுமத்தப்பட்ட அறம். அதை இறக்கி வைக்கிறேன். வெஃகாமையை இறக்கி வைக்க முடியாது. அது என்னிடம் கேட்கும் கேள்வி வேறு. இந்தப் பொருளை நீ விரும்பலாமா என்று அது கேட்கவில்லை. இந்தப் பொருளுக்குள் பிறருடையது எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறது. நீல பனியனுக்குள் அம்மாயியின் கிணறு இருந்தது. ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற புடவையில் யாருடைய கூலி விடுபட்டிருக்கிறது? திருடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். திருட்டைத் தள்ளுபடி விலையில் நாம் வாங்கும்போது அது திருட்டாகத் தோன்றுவதில்லை.

இந்தக் கேள்வியை எனக்குப் புத்தகம் மட்டும் கற்றுத்தரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் முதலாமாண்டு இளங்கலை வகுப்பில் மற்றவர்களைவிட வயது கூடிய மாணவி ஒருத்தி சேர்ந்தாள். முதல் நாள் அறிமுகத்தில், "மூணு வருஷம் மில்லுல இருந்துட்டு வந்தேன் மேடம்" என்றாள். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலமாகப் பெயர் வைத்திருந்தார்கள். வறுமைப்பட்ட வீட்டுப் பதின்வயதுப் பெண்களைத் திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி மூன்று ஆண்டு போல நூற்பாலை விடுதிகளில் வைத்து வேலை வாங்கிய முறை. இடையில் விட்டுப் போனால் அந்தத் தொகை பெரும்பாலும் கைக்கு வராது. இவள் முடித்தாள். கிடைத்த பணத்தைக் கல்யாணத்துக்கு வைக்காமல் அம்மாவோடு சண்டை போட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டாள்.

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று வழக்கம்போல் கேட்டேன்.

"துணிக்கடைக்குப் போகப் பிடிக்கும் மேடம். வாங்கறதுக்கு இல்ல. தொட்டுப் பார்க்க. என்ன நம்பர் நூலுன்னு தொட்டாலே சொல்லிடுவேன்."

வகுப்பு சிரித்தது. நான் மேசையருகே நின்றிருந்தேன். அவள் முதல் வரிசையிலிருந்து கை நீட்டி என் முந்தானையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். "அறுபதாம் நம்பர் மேடம். நல்லா இருக்கு" என்றாள்.

அது கைத்தறிப் புடவை. கைத்தறி என்ற சொல்லுக்குள் நான் வெகுநாள் ஒளிந்துகொண்டிருந்தேன். ஆலைத் துணி வாங்குகிறவர்களைவிட நான் ஒரு படி மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தறியில் ஏறுகிற நூல் ஏதோ ஓர் ஆலையிலிருந்துதான் வருகிறது என்பதை அந்த விரல்கள் எனக்குச் சொல்லின. அந்தப் பெண் என்னைக் குற்றம் சாட்டவில்லை. நல்லா இருக்கு என்றுதான் சொன்னாள். தான் நின்ற இயந்திரத்தின் நூல் ஒரு துணியாகி ஒரு பெண்ணின் தோளில் கிடப்பதைப் பார்த்த திருப்தி அவளுக்கு. புடவையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் கால் பங்குகூட எனக்குத் தெரியாது என்பதுதான் அன்று எனக்கு விளங்கியது. தன் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்று கண்ணகிக்குத் தெரிந்திருந்தது. என் அலமாரியில் கிடக்கிற நூற்றுச் சொச்சம் புடவைகளில் ஒன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நிறுத்தவில்லை. குறைந்திருக்கிறது. மூன்று குழுக்களில் ஒன்றிலிருந்து வெளியேறினேன். மீதி இரண்டில், படம் பிடித்துப்போனால் யார் நெய்தது, எந்த ஊர், சாயம் எங்கே போட்டது என்று கேட்கிறேன். பாதி நேரம் பதில் வருவதில்லை. பதில் இல்லாத புடவையையும் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். கேள்வி ஆசையைக் கொன்றுவிடாது. ஆனால் அதைக் கொஞ்சம் பெரியவளாக்குகிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒரு ஞாயிறாவது எங்காவது தண்ணீர் ஓடும் இடத்துக்குப் போக வேண்டும் என்றும் வைத்திருக்கிறேன். யாரும் கூப்பிடாத அரை நாள் எங்கள் இருவருக்கும் வேண்டியிருக்கிறது. அம்மா அந்தத் தூக்குவாளியில்தான் சோறு எடுத்து வருகிறார்.

மறுபடி ஓர் அறையில் என்னை அறிமுகம் செய்யச் சொன்னால் என்ன சொல்வேன் என்று யோசித்து வைத்திருக்கிறேன். கவிதை எழுதுவேன். தமிழ் நடத்துகிறேன். எனக்கு ஆறு பிடிக்கும். என் ஊர் ஆற்றைக் கெடுத்த சாயத்தில் தோய்ந்த துணியும் பிடிக்கும். ஆசைக்காரியின் மகள், ஆசைக்காரி. ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம்.

அந்த இளம் விரிவுரையாளரின் எண் பயிற்சி வகுப்புக் குழுவில் இருந்தது. சென்ற மாதம் அவருக்கு எழுதினேன். அன்று நானும் சிரித்தேன், மன்னிக்க வேண்டும், அப்போது என் கைப்பையிலும் ஒரு புடவை காத்துக்கொண்டிருந்தது என்று. நெடுநேரம் பதில் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது. இலைப்பச்சையில் மெல்லிய கட்டம் போட்ட பருத்திப் புடவை. "இது எப்படி இருக்கு மேடம்?"

நன்றாக இருந்தது. விலையைப் பார்த்தேன். யார் நெய்தது என்று கேட்டேன்.

"கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றார்.